சொல் எண்ணுகிறவன்

எனக்கு அந்த மொழி தெரியாது.
எண்ணத் தெரியும்.

ஓஷ் நகரில் பன்னிரண்டாம் எண் மினிபஸ்
ஆட்களை எண்ணித்தான் ஓடுகிறது.
பின்சீட்டு மூலையில் குனிந்து
காசு கொடுக்காமல் நழுவப் பார்ப்பவனும்
என் கணக்குக்குத் தப்பியதில்லை.

இரவு ஒன்பதுக்கு மேல்
ஆஸ்பத்திரி உடையைக்கூட மாற்றாமல்
சமையலறை மேசைக்கு வருவாள் பெர்மெட்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை
நாற்பதுக்குத் திருகி வைப்பது என் வேலை.
அது ஓடி முடியும்வரை
தேநீர்கூட ஊற்றக் கூடாது, சத்தம்.
அடித்ததும் நான் சொல்ல வேண்டும்:
"போதும், பேனாவை வை."
எட்டு வருஷக் கல்யாணத்தில்
நான் சொல்லி அவள் உடனே கேட்ட
ஒரே வாக்கியம்.

பிறகு தாள் என்னிடம் வரும்.
இருநூற்றைம்பதுக்குக் குறைந்தால் மதிப்பெண் போகும்.
விரல் வைத்து எண்ணுவேன்.
ஒற்றை எழுத்தும் ஒரு சொல்லாம்,
கைக்குழந்தைக்கும் முழு டிக்கெட்.
நடுவே சின்னக் கோடு போட்டு ஒட்டிய இரண்டு?
"ஒன்று" என்பாள்.
மடியில் உட்கார்ந்து வருகிறார்கள் போலும்.
இருநூற்று நாற்பத்துமூன்று.
உதட்டைக் கடித்துக்கொண்டு
ஒரு "ஆகவே"க்கும் ஒரு "மறுபுறம்"க்கும்
வரிகளுக்கிடையே இடம் தேடுவாள்.

பதினோரு வருஷம் பிரசவம் பார்த்தவள்.
தலை திரும்பாத பிள்ளையை வெளியே கொண்டுவந்த கை,
நகரம் மேலா கிராமம் மேலா,
எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்ற கேள்வியில்
நடுங்கும்.
இரண்டு பக்கமும் பேசி
தீர்ப்பும் சொல்லியாக வேண்டும், நாற்பதே நிமிடத்தில்.
எங்கள் தெருவில் ஒரு மதில்சுவர் வழக்கு
நாலு வருஷமாக நடக்கிறது.
"எனக்குக் கருத்தே இல்லை தலாந்த்,
தூக்கம்தான் வருகிறது."

போன தடவை கேட்பதில் எட்டு, படிப்பதில் எட்டு,
எழுத்தில் ஆறு.
இன்னும் ஓர் அரை வேண்டும்.
அந்த அரைக்குக் கட்டணம்
குளிர்கால டயர் நான்கின் விலை.
வண்டி வழுக்கைக் காலோடுதான் ஓடுகிறது.

ஜனவரியில் ஒரு ராத்திரி மின்சாரம் போயிற்று.
செல்போன் வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டு வந்தேன்.
நூற்றுப் பதினேழில் விரல் நின்றது.
அந்த எழுத்துகள் எனக்கு
கார்களின் முதுகிலும் மருந்து அட்டையிலும் பழக்கம்.
கூட்டிப் படித்தேன்.
என் பெயர்.
ஓர் எழுத்து தப்பு.

"புருஷன் பெயரைக்கூடவா தப்பாக எழுதுவாய்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அது நீ இல்லை. டேலன்ட்.
உன் பெயருக்கு என்ன அர்த்தமோ அதேதான்."
"சரி, அந்த வாக்கியம் என்ன சொல்கிறது?"
தாளைத் திருப்பி வாங்கினாள்.
"படித்தவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனால்
ஒரு நாடு இழப்பது தன்..."
அங்கே நிறுத்தினாள்.
"இது அவர்கள் கேட்ட கேள்வி. நான் கேட்டதில்லை."
"நீ என்ன எழுதினாய்? ஏற்கிறாயா?"
"ஓரளவுக்கு."

நூற்றுப் பதினெட்டிலிருந்து தொடர்ந்தேன்.
இருநூற்று ஐம்பத்தொன்று.
ஒன்று கூடுதல் என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.

தேர்வு பிஷ்கெக்கில்.
பிப்ரவரிப் பனியில் கணவாய் ஏறினோம்,
வழுக்கும் இடத்தில் மூச்சை மட்டும் அழுத்தி.
சுரங்கத்தின் இருட்டில் அவள்
"எனினும்", "இதற்கு மாறாக", "முடிவாக" என்று
அந்த மொழியில் முணுமுணுத்தபடி வந்தாள்.
எதிரே வந்த லாரி
விளக்கைத் தணித்து வழி விட்டது.

உள்ளே அவள்.
வெளியே, எஞ்சினை அணைத்த வண்டியில் நான்.
எழுத்துப் பகுதி பதினொன்றுக்கு என்று சொல்லியிருந்தாள்.
கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து
அறுபதுக்குத் திருகி
அவள் சீட்டில் வைத்தேன்.
கண்ணாடி உள்பக்கமாக உறைந்துகொண்டு வந்தது.
துடைக்கவில்லை.

அடித்தது.
"போதும், பேனாவை வை."

பழக்கதோஷம்,
திரும்பிப் பின்சீட்டுகளை எண்ணினேன்.
ஓட்டுநரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.